செட்டிநாட்டில் குடும்ப வரலாறு தேடும்போது: எந்த நூல் எதற்கு உதவும், எங்கே கைவிடும்

பல ஆண்டுகள் புழங்கியபின் எங்கள் முடிவு இது: அச்சுநூல் எந்த ஊரில், எந்தக் கோயிலில் கேட்க வேண்டும் என்று காட்டும். தலைமுறை வரிசை வீட்டுப் பெட்டகத்துத் தாள்களில்தான் கிடைக்கும்.

தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் ஆங்கிலத்தில் எழுதிய ஏழு தொகுதிகளில் (1909) ஐந்தாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை, அதாவது நகரத்தார்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. சடங்கு முறைகளுக்குப் படிக்கலாம், வம்சாவளிக்கு உதவாது. புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல், அதாவது சமஸ்தானத்து விவரக் கையேடு, அதைவிடப் பயன்படும். ராயவரம், குழிபிறை, பனையப்பட்டி போன்ற ஊர்கள் 1948 வரை சமஸ்தானத்தில் இருந்தவை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டம். ஆவணம் தேடப் புறப்படுமுன் இதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

அடுத்தது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர்களின் தலைப்பெழுத்து வரிசை. ‘அரு.பழ.சித.’ என்று இருந்தால் அருணாசலம், அவர் மகன் பழனியப்பன், அவர் மகன் சிதம்பரம் என்று இடமிருந்து வலமாக இறங்கும். ஆங்கில நூல்களில் இதே எழுத்துகள் ‘ஏ.ஆர்., பி.எல்., சி.டி.’ ஆகிவிடும், இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். பர்மா, மலேயாக் கடைகளின் விலாசத்தை மட்டும் அப்படியே தலைமுறையாக எண்ணக் கூடாது. கடை விலாசம் பங்காளிகள் பலருக்குப் பொதுவாக இருந்திருக்கும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். தாத்தாவின் கணக்கைப் பேரன் தலையில் ஏற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. அவற்றில் உங்களுடையது எது, அதில் என்ன உட்பிரிவு என்று தெரிந்தபின் அந்தக் கோயிலின் புள்ளிக் கணக்குக்குப் போகலாம். புள்ளி என்பது திருமணமான தம்பதி. ஆகவே மணமாகாமல் இறந்தவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். பெண்மக்களைக் கணவர் வீட்டுக் கோயிலில் தேட வேண்டும். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் பங்காளிக் கோயில்கள், இவற்றுக்குள் பெண் எடுப்பதில்லை. உங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு திருமணம் வந்தால் எங்கோ பெயர் மாறியிருக்கிறது.

எல்லாவற்றிலும் மதிப்புள்ள தாள் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலை. மணமக்கள், பெற்றோர், ஊர், கோயில், பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதைப் படிப்பதில்தான் சறுக்கல். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இந்த ௸ குறியை விட்டுவிட்டுப் படியெடுத்தால் ‘மேற்படியார் குமாரர்’ யாருடைய குமாரர் என்பதே தொலைந்துபோகும். ‘பிரபவ ௵ தை ௴’ என்றால் 1927 என்று எழுதிவிடாதீர்கள். பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது, தை வரும்போது 1928 ஆகிவிட்டது. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அது 1868ஆகவும் இருக்கலாம். தாளில் வரும் வேறு ஒருவரின் காலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கடைசி முடிச்சு பிள்ளை கூட்டுதல். சுவீகாரம் போனவரின் தலைப்பெழுத்து மாறும், சில வீடுகளில் பெயரும் மாறும். பெரும்பாலும் அதே கோயில் பங்காளிகளுக்குள்ளேயே கூட்டுவதால் கோயில் பெயரை வைத்து இது பிடிபடாது. ஒரே ஆள் இரண்டு பேராக வரைபடத்தில் நிற்பார். மொய் ஏட்டில் பெற்ற வீட்டாரும் சுவீகாரம் எடுத்த வீட்டாரும் எழுதியிருப்பதை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அங்கேதான் இது வெளிப்படும்.

பழைய நூல்களின் ஸ்கேன் பிரதியில் தேடல் பெட்டியை நம்பிவிட வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை எல்லாம் வேறு வடிவில் இருக்கும், தேடுபொறி அவற்றைத் தப்பாகப் படிக்கும். ‘அண்ணாமலை’ என்று தேடி ஒன்றும் வராவிட்டால் அந்த ஊர்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிடுங்கள்.