மழைக்கு ஒதுங்கும் இடமும் மின்னலுக்கு ஒதுங்கும் இடமும்

இலங்கையின் வன்னியில் காலபோக (மழைக்கால நெல்) விதைப்பும் இடிமின்னல் காலமும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஒக்டோபர், நவம்பரில் காலை முழுக்க வெயில் எரிக்கும். பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குப் பிறகு வானம் இருண்டு முழங்கத் தொடங்கும். மார்ச், ஏப்ரலிலும் இதே கதைதான். அந்த நேரம் வயலில் நிற்பவருக்குச் சில தெரிவுகள் இருக்கின்றன: வரம்போர மரம், காவல் கொட்டில், உழவு இயந்திரம், தெருவில் நிற்கும் வான், கொஞ்சத் தூரத்தில் ஒரு கல்வீடு. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கிட்ட உள்ளதையும் நனையாததையும்தான் தேடி ஓடுகிறார்கள். மின்னலோ நாம் நனைந்தோமா இல்லையா என்று பார்ப்பதில்லை.

முதலில் மரம். பாலை, வேம்பு, பனை எதுவானாலும் வெட்டைவெளியில் தனித்து நிற்கும் மரம்தான் எல்லாவற்றிலும் மோசமான தெரிவு. மின்னலில் அடிபடுபவர்களில் நேரடியாகத் தலையில் வாங்குபவர்கள் சிறு பங்கினர்தான். மரத்தில் விழும் மின்சாரம் பாதி வழியில் பக்கத்தில் நிற்கும் மனிதருக்குப் பாயும், ஏனென்றால் மரத்தை விட மனித உடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மிச்சம் வேரடியில் இறங்கி நிலத்தில் பரவும். அப்படிப் பரவும்போது ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு வந்து, ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் ஒரே அடியில் கூட்டமாகச் சாவதற்கும் இதுதான் காரணம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், மின்சாரம் போகும் வழியில் நெஞ்சும் இருக்கிறது. மின்னலின் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 அம்பியர் அளவில் இருக்கும் என்பதை நினைத்தால், மரத்திலிருந்து நாலடி தள்ளி நிற்பது தள்ளி நிற்பதே அல்ல.

காவல் கொட்டில் மரத்தை விடக் கொஞ்சம் மேல் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மரம் ஆபத்து என்று பாதிப் பேருக்காவது தெரியும். கொட்டிலுக்குள் போனவர் தப்பிவிட்டோம் என்று குந்தியிருந்து விடுகிறார். தடியும் கிடுகும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. தகரம் போட்டால் தகரம் மின்னலை இழுக்கும் என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. தகரத்தில் விழும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோக மரத் தூண்களால் முடியாது என்பதுதான் பிரச்சினை. வழியில்லாமல் அது உள்ளே இருப்பவர் மேல் பாயலாம். வெட்டைக்கு நடுவில் உயரப் பரண் கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

வாகனங்களில் ஒரு தெளிவான கோடு உண்டு. உலோகக் கூரையும் மூடிய கதவும் உள்ள பஸ், வான், லொறி முகப்பு எல்லாம் நல்ல தெரிவு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். காப்பாற்றுவது ரயர் அல்ல, சுற்றியுள்ள உலோக உடல். மின்சாரம் அதன் வெளிப்புறமாக ஓடி நிலத்தில் இறங்கிவிடும். அதனால்தான் ரயர் இருந்தும் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, திறந்த உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு வருவதும் அப்படித்தான்.

கல்வீடுதான் முதல் தெரிவு. வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள வீடு என்றால் மின்சாரம் நிலத்துக்கு இறங்க வழி இருக்கும். அதே காரணத்தால் அந்த நேரம் குழாயில் கை கழுவுவது, கிணற்று மோட்டரைப் போடுவது, ரீவி வயரைக் கழற்றப் போவது எல்லாம் கூடாது. பிளக்கை முழக்கம் கிட்ட வருவதற்கு முன்னரே கழற்ற வேண்டும். விறாந்தையில் நின்று மழை பார்ப்பது வீட்டுக்குள் இருப்பதாகாது. கைத்தொலைபேசி பற்றிய பயம் வீண். சார்ஜ் வயரில் போடாத வரை வீட்டுக்குள் அதில் பேசலாம்.

குளக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எங்கும் சமநிலத்தில் உயர்ந்து ஓடுவது கட்டுத்தான். அதன் மேல் சைக்கிளில் போகும் ஆள்தான் அங்கே மிக உயரமான பொருள். நந்திக்கடல் களப்பில் வள்ளத்தில் நிற்பவரும் அப்படியே.

எதுவும் கிட்ட இல்லாவிட்டால்? குந்தியிருந்து தலையைக் குனி என்று முன்பு சொல்வார்கள். அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. குளக்கட்டையும் தனிமரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, வீட்டையோ வாகனத்தையோ நோக்கி நடப்பதே மேல். நிலத்தில் படுக்கவே கூடாது.

அந்த நடைக்கு நேரம் வேண்டும் என்பதால், எங்கே ஒதுங்குவது என்பதை விட எப்போது கிளம்புவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. மழை விழட்டும் என்று காத்திருப்பவர் பிந்திவிடுகிறார். மழைக்கு முன்னரே, மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும். மின்னல் போகும் வழியில் காற்று 30,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி வெடித்து விரிவதுதான் இடி. சத்தம் ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று செக்கன் ஆகும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவென்றால் அது எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது. எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முழக்கம் காதில் விழுந்தாலே கிளம்பலாம். இடி முழங்கினால் ‘அருச்சுனா, அருச்சுனா’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. பயந்த பிள்ளையைத் தேற்ற அது நல்லது. அதோடு எண்ணவும் பழக்குங்கள். திரும்பி வயலில் இறங்குவதும் மழை விட்டதை வைத்தல்ல, கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான்.

ஒருவர் அடிபட்டு விழுந்தால் தொடப் பயந்து ஒதுங்கி நிற்காதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மின்னல் பெரும்பாலும் இதயத்தையும் மூச்சையும் நிறுத்தித்தான் ஆளைக் கொல்கிறது. மூச்சில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை ஆழமாக அழுத்துங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடட்டும். பல பேர் அடிபட்டிருந்தால், முனகுபவரை விட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.