விளக்கா, மீட்டரா? சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் முன்

தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். செலவில்லை, சரி. ஆனால் காற்றில் வழக்கமாக 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது. மெழுகுவர்த்தியோ சுமார் 16 வரை எரியும். அதற்குள் ஆளுக்கு யோசிக்கும் தெளிவு குறைந்துவிடும். சேலத்துச் சேகோ கழிவில் மாவுச்சத்து அழுகி மீத்தேன் வரும், சுடர் பட்டால் வெடிக்கலாம். அழுகலில் வரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நாலையும் அளக்கும் நாலு வாயு மீட்டர் விலை கூடுதல்தான், அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். ஆனாலும் மீட்டர்தான், இதில் இரண்டு பேச்சே இல்லை. மேலே, நடுவில், அடியில் பாருங்கள். சேற்றைக் கிளறினால் அளவு மாறும். வேலை முடியும்வரை மீட்டர் ஆளோடு இருக்கட்டும். அப்புறம், யாராவது மயங்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். பாதுகாப்புப் பட்டையில் கட்டிய கயிற்றால் மேலே இழுங்கள்.