நீளப் பெயர் ஃபைல்களோடு குப்பை கொட்டிய அனுபவம்

புத்தக லேஅவுட் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான். எழுத்தாளர் அனுப்பும் ஃபைலின் பெயரிலேயே நூல் தலைப்பு, துணைத்தலைப்பு, ‘மெய்ப்புத் திருத்தியது’, தேதி, ‘இதுதான் கடைசி’ எல்லாம் இருக்கும். ஜிப்பைப் பிரித்தால் அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஃபைல். வேலை முடித்து, எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் திரட்டும் பேக்கேஜ் போட்டால், ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் பாதையில் அந்தப் பெயர் இன்னும் இரண்டு முறை ஏறிக்கொள்ளும்.

விண்டோஸின் பழைய கணக்குப்படி முழுப்பாதைக்கு 260 இடம். டிரைவ் எழுத்தில் தொடங்கி எக்ஸ்டென்ஷன் வரை எல்லாம் அதில் அடக்கம். கடைசி இடம் முடிவுக்குறிக்குப் போய்விடுவதால் நமக்கு மிஞ்சுவது 259. எக்செல் இன்னும் கறார், 218-லேயே திறக்க மறுத்துவிடும். அழிக்கப் போனால் ‘ஃபைல் சிஸ்டம் தாங்குவதைவிடப் பெயர் நீளம்’ என்று செய்தி வரும். அது பாவம், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் மீது போடும் வீண்பழி. என்டிஎஃப்எஸ் சுமார் 32,767 வரை தாங்கும். கையை விரிப்பது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் பழைய நிரல்கள்.

வரம்பு இருக்கும்போது அதைத் தாண்டிய ஃபைல் எப்படி உருவாகிறது? எங்கள் கடையில் காரணம் நெட்வொர்க் டிரைவ். பொதுக் கணினியில் நாலு ஃபோல்டர் ஆழத்தில் இருக்கும் இடத்தை ஊழியர்கள் இசட் டிரைவாக இணைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பாதை இசட்டில் தொடங்குவதால் தாராளமாகப் பெயர் வைக்கலாம். ராத்திரி பேக்கப் ஓடுவதோ பொதுக் கணினியில். அங்கே அந்த நாலு ஃபோல்டரின் பெயரும் சேர்ந்துகொள்ள, ஃபைல் விடுபட்டுப் போகும். மேல் ஃபோல்டருக்கு நீளமாகப் பெயர் மாற்றினாலும் இதே கதைதான். உள்ளே இருப்பவை வரம்பு தாண்டுகின்றனவா என்று எக்ஸ்ப்ளோரர் பார்ப்பதில்லை.

வைத்தியங்களைப் பற்றி. 2016-இல் விண்டோஸ் 10-இன் 1607 பதிப்போடு நீளப் பாதைக்கு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு அமைப்பு வந்தது: லாங்பாத்ஸ்எனேபிள்ட், மதிப்பு 1. போட்டு வைத்திருக்கிறேன், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ‘எனக்கு நீளப் பாதை தெரியும்’ என்று தன் பங்குக்கு அறிவித்த மென்பொருளுக்குத்தான் அது பலிக்கும். எக்ஸ்ப்ளோரரில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. இதை முழுத் தீர்வு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நம்பிக்கையாக உழைத்தது விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி. நீளப் பாதை அதற்கு இயல்பாகவே வரும்; வேண்டாம் என்றால்தான் /256 என்று தனியாகச் சொல்ல வேண்டும். அழியாத ஃபோல்டரின் மேல் ஒரு காலி ஃபோல்டரை மிரர் முறையில் (மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழித்துவிடும் முறை) நகலெடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்தாற்போல் போய்விடும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் ஒழிந்தது, இரண்டு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். ஒன்றிரண்டு ஃபைல் என்றால் மேல் ஃபோல்டருக்கு ‘அ’ என்று ஓரெழுத்துப் பெயர் வைத்துவிட்டு உள்ளே போவது போதும். ஆழத்தில் இருக்கும் ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாகக் காட்டும் சப்ஸ்ட் கட்டளையும் உதவும், ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால் அது போட்ட டிரைவ் காணாமல் போகும்.

இதுவரை சொன்னது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ளது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் சேமிக்கும் பெட்டி) வாங்கி வைத்த பிறகுதான் அது தலைகாட்டியது. விண்டோஸில் சாதுவாக இருந்த ஃபைல்கள் நாஸுக்குப் போகும்போது ‘பெயர் நீளம்’ என்று திரும்பி வந்தன. பாதையோ குட்டை. சிக்கல் பெயரில்தான்.

‘தமிழ்நாடு’ என்ற சொல் நம் கண்ணுக்கு 5 எழுத்து. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி என்பதால் விண்டோஸுக்கு அது 9. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எழுத்தை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஆக 27. பெயருக்கு இரண்டிலும் உச்சவரம்பு 255 என்றாலும், விண்டோஸில் 255 குறி, லினக்ஸில் 85 குறிதான். நாம் எண்ணும் எழுத்தில் நாற்பது, ஐம்பதைத் தாண்டாது. இணைய முகவரியிலிருந்து சதவீதக் குறிகளோடு அப்படியே பெயர் இறங்கிவிட்டால் அதே ‘தமிழ்நாடு’ 81 எழுத்து. நாஸில் சில பெட்டிகள் இகிரிப்ட்எஃப்எஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டும் ஃபோல்டர்களில் வரம்பு 143 பைட்டாகச் சுருங்கும். தமிழில் 47 குறி.

அதனால் இப்போது 85-ஐத்தான் கோடாக வைத்திருக்கிறேன். எவ்ரிதிங் தேடல் கருவியில் பெயரின் நீளத்தை வைத்தே தேட முடியும். 85-க்கு மேல் இருப்பவற்றைப் பட்டியல் எடுத்து, பேக்கப்புக்கு முன் குறைத்துவிடுகிறோம். புது வேலை வந்தால் ஃபோல்டருக்கு வேலை எண்ணும் ஒரு சொல்லும் மட்டும், ஃபைலுக்கு மெய்ப்பு எண். முழுத் தலைப்பு, துணைத்தலைப்பு, எழுத்தாளர் பெயர் எல்லாம் உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில். பொதுக் கணினியிலும் அந்த நாலு ஃபோல்டரை ஒன்றாக்கி டிரைவின் வாசலுக்கே கொண்டுவந்தாயிற்று.

எழுத்தாளருக்குத் திருப்பி அனுப்பும்போது மட்டும் அவர் வைத்த பெயரையே மறுபடி போட்டு அனுப்புகிறோம். இல்லையென்றால், ‘என் ஃபைல் எங்க சார்?’ என்று போன் வந்துவிடும்.