குக்கர் வொஷருக்குக் கூரியரா, தபாலா, பஸ்ஸா?

தையல் மெஷினுக்கு ஒரு பொபின் கேஸ், குக்கருக்கு ஒரு வொஷர், ஒரு பக்கற் கத்தரி விதை. இவற்றைக் கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுப்பிக்கிறவர்கள் முதலில் அனுப்புகூலியைத்தான் பார்க்க வேண்டும். 600 ரூபாய்ச் சாமானுக்குக் கூலி 400 என்றால் அதன் விலை 1000. மட்டக்களப்புக் கடையில் 800க்கு இருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

கூரியரின் கணக்கு பெரும்பாலும் முதல் கிலோவில் தொடங்குகிறது. 50 கிராம் வொஷருக்கும் 950 கிராம் பார்சலுக்கும் ஒரே காசு. பாரமில்லாத பெரிய பெட்டியென்றால் இன்னொரு கணக்கும் வரலாம்: நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 30×25×20 பெட்டிக்குள் அரைக் கிலோ விளையாட்டுச் சாமான் இருந்தாலும் 3 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். ஆனால் வேகம் உண்டு, சாமானைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கலாம், பார்சல் எங்கே நிற்கிறதென்று போனிலேயே பார்க்கலாம். மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை ஆட்களுக்கு இது வசதிதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் கதை வேறு. வெல்லாவெளிப் பக்கமோ பட்டிப்பளைப் பக்கமோ உள்ளே இருக்கிறவர்களுக்கு, "சந்திக்கு வந்து எடுங்க" என்றுதான் பல நேரம் போன் வரும். போய்வரும் பெற்றோல் காசையும் கூலியோடு கூட்டத்தானே வேண்டும்? தபால்காரருக்கு அந்த ஒழுங்கைகளெல்லாம் தெரியும். தபாலில் கட்டணம் கிராம் கணக்கில் படிப்படியாக ஏறுவதால் கால் கிலோவுக்குள் அடங்கும் சாமானுக்கு அதுவே என் தெரிவு. பதிவுத் தபாலென்றால் கையொப்பம் வாங்கித்தான் கொடுப்பார்கள். சுணங்கும், அது உண்மை. விற்பவர்களும் தபால்கந்தோர் வரிசையில் நிற்க விரும்பாமல் இந்த வழியைச் சொல்வதே குறைவு. நீங்களே கேளுங்கள்: "பதிவுத் தபாலில் போடுவீங்களா?" முகவரியில் 30000 (மட்டக்களப்பு), 32300 (கல்முனை) என்று உங்கள் தபால் குறியீட்டையும் எழுதுங்கள்.

ரயிலில் எடுப்பிக்கலாமென்றால், அம்பாறை மாவட்டத்துக்கு ரயிலே இல்லை. மட்டக்களப்போடு பாதை முடிகிறது. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்குக் கைகொடுப்பது இரவு பஸ். கொழும்புப் புறக்கோட்டையில் கொண்டக்டரிடம் கொடுத்தால் விடியலில் வந்துவிடும். பாரமான சாமானுக்கும் அவசரத்துக்கும் நல்லது. ஆனால் ரசீது கிடைப்பது அரிது, தொலைந்தால் கேட்க ஆளில்லை. உடையும் சாமானை, விலை கூடிய சாமானை இதில் விடாதீர்கள்.

"5000க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்பதற்காகத் தேவையில்லாததைச் சேர்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டு ஒரே பார்சலாக எடுத்தால் அந்த முதல் கிலோ நிரம்பும், கூலியும் பாதியாகும். காசு கட்டுமுன் இன்னொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் கூலி யாருடையது?