மொரிஸ் மைனருக்கு ரப்பர் புஷ்ஷா, பொலி புஷ்ஷா? மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓர் அனுபவம்

மாமாவிடமிருந்து எனக்கு வந்தது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின், ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு. 2018இல் அதன் சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாவற்றையும், அதாவது சில்லைத் தாங்கும் பாகங்களின் மூட்டுகளில் இருக்கும் மெத்தை வளையங்களை, ஒரே மூச்சில் மாற்றினேன். சில இடங்களில் பொலி என்று சுருக்கிச் சொல்லும் பொலியூரிதேன் பிளாஸ்டிக், சில இடங்களில் ரப்பர். கையில் காசு போதாமல் அப்படிச் செய்யவில்லை, யோசித்துத்தான் கலந்து போட்டேன். அதற்குப் பிறகு கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாகவும், வவுணதீவு தாண்டிப் படுவான்கரை கிரவல் ரோட்டிலும், மஹியங்கனை வளைவுகள் ஏறிக் கண்டிக்கும் போய் வந்திருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கண்டாலும் "பொலி போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். காருக்கு என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த இடத்துப் புஷ் என்று கேட்டால் இருக்கிறது.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ் வழுக்கிச் சுழல்வதில்லை. உள்ளே போல்ட்டோடும் வெளியே கூட்டோடும் இறுகப் பிடித்துக்கொண்டு, நடுவில் ரப்பர் முறுகுகிறது. சில்லு ஏறி இறங்கும்போது முறுகி, மறுபடி தன் நிலைக்கு வருகிறது. பொலி அப்படியல்ல. அது கடினம், உள்ளிருக்கும் உலோகக் குழாயின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. அதனால் அதற்கு கிறீஸ் வேண்டும், ரப்பருக்கு வேண்டாம். ரப்பர் எந்தப் பக்கம் சாய்த்தாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பொலி ஒரே அச்சில் சுழல மட்டும் சம்மதிக்கும். கடையில் பார்க்கவேண்டியது இதைத்தான், கலரை அல்ல.

மைனரின் முன் சஸ்பென்ஷனில் கொயில் ஸ்ப்ரிங் கிடையாது. நீளவாட்டில் ஓடி, முறுகி நிமிரும் டோர்ஷன் பார் என்ற கம்பிதான் ஸ்ப்ரிங். சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் உள் முனை, தலையில் வளையமுள்ள ஐ போல்ட்டில் தொங்குகிறது. அந்த இடத்தில் பொலி போட்டேன், இன்றைக்கும் அதே முடிவுதான். அங்கே அசைவு ஒரே அச்சில் வருவதால் பொலிக்குப் பிடித்த வேலை. ஐ போல்ட் ரப்பர் தேய்ந்தால் சில்லு உட்பக்கமாகச் சாயும், பிறேக் பிடிக்கும்போது கீழே "டக்" என்று ஒரு சத்தம் வரும், கார் நேராகப் போகாமல் அலையும். மைனருக்கு 1948 முதலே ரக் அண்ட் பினியன் ஸ்டியரிங் என்பதால், முன்பக்கம் இறுக்கமாக இருந்தால் அதன் துல்லியத்தைக் கையில் உணரலாம். ஐ போல்ட்டில் பொலி போட்ட பிறகு அலைச்சல் நின்றது. இவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகும் திரும்பி வரவில்லை.

சில்லுப் பக்கத்து மேல் மூட்டான ட்ரன்னியனுக்கும் பொலிதான், ஆனால் காரணம் வேறு. மைனரின் முன் ஷொக் அப்சோபர் ஆம்ஸ்ட்ரோங் லீவர் வகை. அதன் கையே மேல் சஸ்பென்ஷன் கையாகவும் வேலை செய்கிறது. வயதான லீவர் ஷொக் எல்லாம் எண்ணெய் கசியும், அந்த எண்ணெய் நேராக ட்ரன்னியன் புஷ்ஷில் வடியும். இயற்கை ரப்பர் கனிய எண்ணெயில் ஊறினால் வீங்கி, பிசுபிசுத்து, கடைசியில் கையோடு வந்துவிடும். பொலிக்கு அது ஒன்றும் செய்வதில்லை. இங்கே மென்மை, கடினம் என்ற பேச்சே இல்லை, எண்ணெயைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

டை பாரில் மட்டும் பொலி போடவே இல்லை. கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிப் போய், காரின் உடலான பொடியில் இரண்டு ரப்பர்களுக்கு நடுவே பிடிபட்டிருக்கும் கம்பி அது. கை மேலும் கீழும் போகும்போது அந்தக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்தாகவேண்டும். ரப்பர் நசுங்கி இடம் விடும். அங்கே கடினமான பொலியை இறுக்கினால் சாய இடமில்லாமல் வளைவது கம்பிதான். டட்சன் 240இஸட் காரில் இதே மாதிரியான கம்பிக்கு இரு பக்கமும் பொலி போட்டு, கம்பியே முறிந்த கதை அந்தக் கார்க்காரர்கள் மத்தியில் பிரசித்தம். ஒரு பக்கமாவது ரப்பர் இருக்கட்டும் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நான் இரு பக்கமும் ரப்பரே விட்டேன். பள்ளத்தில் விழும்போது வரும் பின்னோக்கிய அடியையும் அந்த ரப்பர்தான் வாங்கிக்கொள்கிறது. மாரி முடிந்த பிறகு படுவான்கரை ரோட்டில் போனவர்களுக்கு அந்த அடி என்னவென்று விளக்கத் தேவையில்லை.

பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீவ் ஸ்ப்ரிங். அதன் பின் முனையைத் தொங்கவிடும் ஷக்கிள் பக்கம் பொலி, முன் முனை வளையமான முன் கண்ணில் உலோகக் குழாயோடு ஒட்டிய பழைய வகை ரப்பர் புஷ். ஒரு சில்லு மட்டும் மேட்டில் ஏறும்போது இரு சில்லையும் இணைக்கும் பின் அச்சு முழுதும் சரியும், அப்போது முன் கண் கொஞ்சம் முறுகவேண்டும். அது ஒரு காரணம். பெரிய காரணம் துரு. மைனருக்குத் தனிச் சேஸி இல்லை, பொடியே சேஸி. ஸ்ப்ரிங் தொங்கும் இடங்கள் துருப்பிடிப்பது இந்தக் காரின் பிறவி நோய், கடலுக்கு இவ்வளவு கிட்ட வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். கடினமான புஷ் அடியைத் தான் வாங்காமல் தகரத்துக்குக் கடத்துகிறது. வெல்டிங் வைத்த இடத்துக்கு அந்த அடியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் காரின் ஸ்ப்ரிங் ஹேங்கரை ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பார்த்து அது உள்ளே போனால், புஷ் பேச்சை விட்டுவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள்.

புஷ் மாட்டித் தந்தது கல்முனையில் நாங்கள் காக்கா என்று அழைக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன். ரப்பர் புஷ்ஷைத் தட்டி ஏற்ற எண்ணெயைத் தொடவே மாட்டார், சவர்க்காரத் தண்ணீர்தான். நட் இறுக்குவதில் இன்னும் கண்டிப்பு. கார் ஜக்கில் நிற்கும்போது நான் ஸ்பனரை எடுத்தேன். "பொறு தம்பி, நெலத்துல எறக்கிட்டு இறுக்குவம்" என்றார். அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. சில்லு தொங்கும் நிலையில் ரப்பர் புஷ்ஷை இறுக்கினால், காரைக் கீழே விட்ட கணத்திலிருந்தே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும். நேராகப் போகும்போதும் அதற்கு ஓய்வில்லை, சீக்கிரம் கிழிந்துவிடும். "ரப்பர் ஒரு வருஷம்கூட நிக்காது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். பொலி வழுக்கிச் சுழல்வதால் அதற்கு இந்தக் கவலை இல்லை.

இனி குறைகள். பொலி கீச்சிடும். முதல் இரண்டு மழைக்காலமும் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு வறண்ட கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில் ஷக்கிள் பக்கம் பழைய வீட்டுக் கதவு மாதிரி முனக ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் கிறீஸ் போய், நுண்ணிய மணல் உள்ளே இருந்தது. குழாயில் கோடு விழுந்திருந்தது, புஷ்ஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுத்தம் செய்து சிலிக்கோன் கிறீஸ் வைத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் மணல் ஊரில் இது ஒரு தடவையோடு முடியும் வேலை அல்ல. ஐ போல்ட் பக்கம் இதுவரை சத்தம் இல்லை, அங்கே மணல் அவ்வளவாக ஏறுவதில்லை போலும்.

ரப்பருக்கு இங்கே பெரிய எதிரி சேர்விஸ் ஸ்டேஷன். காரின் அடியைக் கழுவிவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெய் அடித்து விடுகிறார்கள். தகரத்துக்கு நல்லதுதான், ரப்பருக்கு விஷம். நான் டை பார் ரப்பர்களையும் ஸ்ப்ரிங்கின் முன் கண்ணையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் காரைக் கொடுப்பேன். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பொலி வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளவேண்டும். பொலியூரிதேனில் பொலியெஸ்டர் வகை, பொலிஈதர் வகை என்று இரண்டு உண்டு. பொலியெஸ்டர் வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் தண்ணீரோடு வினைபுரிந்து மெல்ல உடைகிறது, ஒரு நாள் பிஸ்கட் போல உதிரும். மட்டக்களப்பில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் பஞ்சமில்லை. பொலிஈதர் அதைத் தாங்கும். பெயரில்லாத மலிவு செட்டில் எது என்று விற்பவருக்கே தெரியாது. அப்படியானால் நல்ல ரப்பரே மேல்.

நல்ல ரப்பர் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த தலைவலி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "ஒரிஜினல், பழைய ஸ்டொக்" என்று பெட்டியோடு காட்டுவார்கள். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும். நகத்தால் அழுத்தி, கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் முடி போன்ற வெடிப்பு தெரிந்தால் பெட்டியை மட்டும் அலுமாரியில் அழகுக்கு வைக்கலாம். மைனர் மொத்தம் 16 இலட்சம் அளவில் செய்யப்பட்ட கார் என்பதால் புதிதாகச் செய்த பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் தாராளம். நான் பொலியை அங்கிருந்துதான் எடுப்பித்தேன், ரப்பர் செட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. மாமாங்கக் கோயிலுக்குப் போகும்போது பின் சீட்டில் முதுகு நோகிறதா இல்லையா என்பதே அவருடைய அளவுகோல். பின்னால் ரப்பர் இருப்பதால் நோகவில்லையாம்.

இப்போதைய நிலைமை இது: பொலி எதையும் மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை. டை பார் ரப்பர் ஒரு தடவை மாற்றியாயிற்று, இப்போது மறுபடி விளிம்பில் வெடிப்புத் தெரிகிறது. அது தேய்வதற்காகவே இருக்கும் பொருள், எனக்கு அதில் வருத்தமில்லை. புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த மாரி ஓய்ந்ததும் கல்முனைக்குக் கொண்டுபோகவேண்டும்.