பாடசாலை மேம்பாட்டுச் சேவை: ஆலோசகரை வாங்குங்கள், ஒத்திகைப் பரிசோதனையை விட்டுவிடுங்கள்

லண்டன் புறநகரில் கவுன்சிலின் கீழ் இயங்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்றின் கவர்னர் குழுவில், அதாவது நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் குழுவில், இருக்கிறேன். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பு, கவுன்சிலின் கல்விப் பிரிவிலிருந்து எங்களுக்கு ஒரு விலைப்பட்டியல் வரும். ஆலோசகர் வருகை, எழுத்து மதிப்பீட்டுச் சரிபார்ப்பு, புள்ளிவிவரத் தொகுப்பு, கவர்னர் பயிற்சி, ஒத்திகைப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போட்டிருப்பார்கள். ஹரோ, ரெட்பிரிட்ஜ், நியூஹாம், மேர்ட்டன் பகுதிகளில் நம்மவர்கள் பலர் இப்போது பிள்ளைகளின் பாடசாலைகளில் கவர்னர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். நிதிக் குழுவில் இந்தப் பட்டியல் மேசைக்கு வரும்போது என்ன சொல்வது என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன். எங்கள் கவுன்சிலின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அங்கே உழைக்கும் ஆலோசகர்கள் நல்லவர்கள்.

பாடசாலையை உயர்த்தும் பொறுப்புள்ள கவுன்சில் அதை ஏன் விலைக்கு விற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1902ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகளை உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளிடம், அதாவது கவுன்சில்களிடம், ஒப்படைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரவுசெலவுப் பணத்தைப் பாடசாலைகளின் கைக்கே மாற்றியது. கல்வித் தரத்தை உயர்த்துவது அதிகார சபையின் கடமை என்று 1998இல் சட்டமாக எழுதினார்கள். அதே ஆண்டில் தொடங்கிய தேசிய எழுத்தறிவுத் திட்டத்துக்காக ஆலோசகர்கள் வகுப்பறைகளுக்குள் போய் ஆசிரியர்களோடு நின்று பாடம் நடத்திக் காட்டினார்கள். அந்தக் கடமை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. பணம்தான் போய்விட்டது. இதற்காக அரசு கவுன்சில்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை 2022இல் பாதியாக்கி, 2023இல் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது கவுன்சில் பாடசாலைகளின் பிரதிநிதிகள் சம்மதித்தால் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுவில் பிடிக்கப்படுகிறது. மற்றதெல்லாம் விலைப்பட்டியல்தான். இடைநிலைப் பாடசாலைகளில் ஐந்தில் நான்குக்கு மேல் கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசிடம் நேரடியாகப் பணம் பெறும் அகாடமிகளாக மாறிவிட்டதால், வாங்க மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆரம்பப் பாடசாலைகள்.

ஆலோசகர் வருகையைத் தயங்காமல் வாங்குங்கள். ஒரு நாளுக்குச் சில நூறு பவுண் ஆகும். எங்களுக்கு வருபவர் முன்னாள் அதிபர். அதிபரின் அறையில் தேநீரோடு உட்கார்ந்து ஆவணம் புரட்டுபவர் அல்லர். காலையிலேயே முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போய், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கும் மேசையின் சின்னக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் செய்தவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் ஒலிப்பு வாசிப்புச் சோதனை நடக்கும். 2012இலிருந்து நடந்துவருகிறது. மொத்தம் 40 சொற்கள், அவற்றில் பாதி பொருளே இல்லாத கற்பனைச் சொற்கள். மனப்பாடம் செய்து தப்ப முடியாது, எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். வழக்கமாக 32 சொற்கள் சரியானால் தேர்ச்சி. எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு வகுப்பில் மட்டும் முடிவுகள் தொடர்ந்து குறைந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் வீட்டுச் சூழல், பிறமொழிக் குடும்பங்கள், வரவு என்று கூட்டங்களில் பல காரணங்கள் பேசினோம். ஆலோசகர் அந்த வகுப்பில் அரை மணி நேரம் இருந்தார். பயிற்சி உதவியாளர் மெய்யொலிகளை உயிர் கலந்து சொல்லிக்கொடுப்பதைக் கண்டுபிடித்தார். ‘ம்’ என்று ஒலிக்க வேண்டியதை ‘ம’ என்றும், ‘ட்’ என்பதை ‘ட’ என்றும் சொன்னால் பிள்ளை எப்படிக் கூட்டி வாசிக்கும்? மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுவேறாக எழுதிப் பழகிய நமக்கு இது சொன்னவுடனே விளங்குகிறது. ஆங்கிலத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு. அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகவில்லை. பக்கத்துப் பாடசாலை ஒன்றில் வாசிப்புக்குப் பொறுப்பான ஆசிரியை இதில் கெட்டிக்காரி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் உதவியாளர் அங்கே போய்ப் பார்த்துவர ஏற்பாடு செய்தார், அந்த ஆசிரியையும் எங்கள் வகுப்புக்கு வந்தார். யாரையும் குற்றம் சொல்லாமல் காரியம் நடந்தது. எந்தப் பாடசாலையில் எது நன்றாக நடக்கிறது என்ற அறிவு, ஊர் முழுக்கப் பாடசாலைகளுக்குள் போய்வரும் ஆளிடம்தான் இருக்கும். தனியார் ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரங்களும் எங்களுக்கு வருகின்றன, சில மலிவாகவும் இருக்கின்றன. அவர்களுக்கு எங்கள் தெருக்களைத் தெரியாது.

இந்த முறையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் சாட்சி. 1997இல் இங்கிலாந்தின் 149 கல்வி அதிகார சபைகளில் அது 149ஆவது இடத்தில் இருந்தது. வறுமை மிகுந்த பகுதி. பிள்ளைகளில் பெரும்பங்கினர் வங்காளக் குடும்பத்தவர். அந்தச் சபை உயர்ந்த இலக்குகளை வைத்தது, பலவீனமான பாடசாலைகளோடு நெருங்கி நின்றது, நல்ல ஆசிரியர்களைத் தேடிப்பிடித்தது. தவணை நடுவில் பிள்ளைகளை நீண்ட விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போகும் வழக்கத்தைக் குறைக்கப் பள்ளிவாசல்களோடும் பேசியது. பதினைந்து ஆண்டுகளுக்குள், பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை முடிவுகளில் நாட்டின் சராசரியைத் தாண்டிவிட்டார்கள். 2003இல் தொடங்கிய லண்டன் சேலஞ்ச் திட்டமும், பாடசாலைக்கு ஒரு ஆலோசகரை நிறுத்தி, ஒரு பாடசாலையை இன்னொன்றோடு இணைத்துவிடும் அதே வழியில்தான் நடந்தது. குடியேறிய பிள்ளைகளால் தரம் தாழ்கிறது என்று பேசுபவர்களுக்கு இதை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

எழுத்து மதிப்பீட்டுச் சரிபார்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டு எழுத்துக்கு ஆசிரியர்களே தரமிடுகிறார்கள், ஆண்டுதோறும் குறைந்தது நான்கில் ஒரு பங்கு பாடசாலைகளைக் கவுன்சில் சரிபார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன்னோடியாகப் பாடசாலைகளைக் கூட்டி, பிள்ளைகளின் கொப்பிகளை ஒப்பிட்டுப் பேசும் மாலைக் கூட்டங்களை விற்கிறார்கள். எங்கள் ஆறாம் ஆண்டு ஆசிரியை அதில் நிறையக் கற்றதாகச் சொன்னார். வாங்கலாம்.

புள்ளிவிவரத் தொகுப்பு ஏமாற்றம். தாமதமாக வருகிறது, வரும்போது அரசின் இணையத்தளத்தில் அதிபர் ஏற்கெனவே பார்த்துவிட்ட எண்களே வண்ணப்படமாக இருக்கின்றன. எனக்குத் தேவையான தகவல் அதில் இல்லை. எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ‘வேறு ஆசியர்’ என்ற பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். இலங்கைத் தமிழர் என்று தனியாகப் பதிய விரிவான குறியீடு இருக்கிறது, கவுன்சில் விரும்பினால் பயன்படுத்தலாம். வீட்டு மொழியையும் பாடசாலைகள் பதிகின்றன. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும், பிரான்சிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ பத்து வயதில் வந்து சேர்ந்த பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் கரைந்தால், யாருக்கு உதவி வேண்டும் என்று எப்படித் தெரியும்? கூட்டத்தில் கேட்டேன். எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை.

பிறமொழிப் பிள்ளைகளுக்கான உதவியும் இப்படியே தேய்ந்துவிட்டது. சிறுபான்மையினரின் கல்விக்கென்று ஒதுக்கிய மானியம் 2011இல் பொதுப் பணத்தோடு கலக்கப்பட்டது. அதன் பிறகு இருமொழி உதவியாளர்கள் பல இடங்களில் குறைந்துபோனார்கள். இப்போது மணிக்கணக்கில் வாங்க வேண்டும். தமிழ் தெரிந்தவரைக் கேட்டபோது கிடைக்கவில்லை. ஆங்கிலம் பேசத் தயங்கிய ஒரு சிறுமிக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. தமிழில் ஒரு பக்கம் வாசிக்கக் கொடுத்தபோது தடையின்றி வாசித்துப் பொருளும் சொன்னாள். அந்த யோசனையைத் தந்ததும் எங்கள் ஆலோசகர்தான். தொகுப்புக்குக் கொடுத்த பணம் இப்படிப்பட்ட ஒரு மணி நேரத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஒத்திகைப் பரிசோதனைதான் பட்டியலிலேயே விலை கூடியது. பாடசாலைகளை மதிப்பிடும் அரசு அமைப்பான ஒப்ஸ்டெட்டின் பரிசோதகர்கள் வருவதுபோல நாள் முழுவதும் நடத்திக் காட்டுவார்கள். 2024 செப்டெம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பை நிறுத்தி, 2025 நவம்பரிலிருந்து துறை துறையாக மதிப்பிடும் அறிக்கைக்கு ஒப்ஸ்டெட் மாறியதும் இந்த வியாபாரம் சூடுபிடித்திருக்கிறது. என் கண்ணால் பார்த்த பலன், ஆசிரியர்களின் தூக்கம் கெட்டதுதான். அந்தப் பணத்தை ஆலோசகரின் வகுப்பறை நாட்களாக மாற்றிக் கேளுங்கள். கொடுக்கிறார்கள்.

கவுன்சிலிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இது. நல்ல மதிப்பீடு பெற்ற பாடசாலைக்கு இலவச வருகையை ஆண்டுக்கு ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள். விழுந்த பிறகே ஓடிவருகிறார்கள், அதுவும் எச்சரிக்கைக் கடிதத்தோடு. சட்டப்படி அவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, கவர்னர் குழுவையே நீக்கி இடைக்காலச் சபையை அமர்த்தும் அதிகாரமும் உண்டு. உதவ வருபவரே மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதுவதால் சில அதிபர்கள் பலவீனத்தை மறைக்கிறார்கள். ஊரில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில் வலயக் கல்வி அலுவலகத்து ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்றால் பாடக்குறிப்பை அவசரமாக எழுதி முடிப்போம். எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று அவரிடம் சொல்ல மாட்டோம். இங்கே எங்கள் ஆலோசகர் எழுதுவதை முதலில் அதிபருக்குக் காட்டி, பேசித் திருத்திய பிறகே கவுன்சிலுக்கு அனுப்புகிறார். அதனால்தான் எங்கள் ஆசிரியர்கள் அவரிடம் வாய் திறக்கிறார்கள். ஒப்பந்தம் போடும்போது இந்த வழக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கவர்னர் பயிற்சியில் நேரில் நடக்கும் மாலை வகுப்புகள் தரமானவை. அதிபரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை அங்கேதான் பழகினேன். பதிவுசெய்த காணொளிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த ஆண்டு எங்கள் நிதிக் குழு புள்ளிவிவரத் தொகுப்பையும் ஒத்திகைப் பரிசோதனையையும் நீக்கியது. மிஞ்சிய பணத்தில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கென்று கூடுதல் ஆலோசகர் நாட்கள் வாங்கியிருக்கிறோம். ஒலிப்புச் சோதனையில் தேறாத பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில்தான் மறுபடியும் அந்தச் சோதனை நடக்கிறது.