ஊட்டி ஏரிக் கெண்டையா, அவலாஞ்சி டிரவுட்டா?

1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக்கெண்டை, ஊட்டி ஏரியின் கலங்கிய, பிராணவாயு குறைந்த நீரையும் தாங்கிக்கொண்டு, நீர்த்தாவரங்களில் முட்டைகளை ஒட்டித் தானாகவே பெருகிவிடுகிறது. ஊட்டிக்கு அருகிலுள்ள அவலாஞ்சி நீர்த்தேக்கத்து வானவில் டிரவுட் மீனுக்கோ குளிர்ந்த, தெளிந்த நீர் வேண்டும். முட்டையிடச் சரளைக்கற்கள் நிறைந்த ஓடைகளுக்கு ஏறியாக வேண்டும் என்பதால், 1907-இல் தொடங்கிய அங்குள்ள குஞ்சு பொரிப்பகத்தின் துணையின்றி அதன் எண்ணிக்கையை நிலைநிறுத்துவது கடினம்.

தூண்டில்காரருக்குக் கெண்டையே எளிது: பிசைந்த மாவு உருண்டையை அடித்தரையில் கிடத்தி, தக்கை மெல்லச் சாயும்வரை காத்திருக்கலாம். டிரவுட்டோ பெரும்பாலும் நகரும் இரையைத் துரத்தும். ஓயாமல் வீசி இழுக்க வேண்டும். உண்பதற்கென்றால், சேற்று வாடையடிக்கும் ஏரிக் கெண்டையை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.